உம்மா கேட்ட கேள்வியும் ஆறு கொரியப் பாடல்களும்

"அது என்ன பாஷை மகள்? அவங்க என்னத்தச் சொல்றாங்க?"

கொட்டாஞ்சேனையில் மூத்தம்மா வீட்டுக்குப் போய்விட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியில், என் இயர்போனின் ஒரு பக்கத்தை எடுத்துத் தம் காதில் வைத்துப் பார்த்த உம்மா கேட்ட கேள்வி இது. "கொரிய பாஷை உம்மா" என்று முதற்கேள்விக்கு உடனே பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருடங்களாக நாள்தோறும் கேட்ட பாட்டு. ஒவ்வோர் அசையும் மனப்பாடம். பொருள் மட்டும் தெரியாது. காலி வீதி நெரிசலில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. இறங்கும்வரை எனக்கு வெட்கமாகவே இருந்தது.

அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இக்கட்டுரை. கே-பொப் கேட்கத் தொடங்க விரும்பும் தோழியருக்கு எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்று சொல்வது இதன் ஒரு நோக்கம். "இந்தப் பிள்ளைகள் என்னத்தைத்தான் கேட்கிறார்கள்?" என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஓரளவு விளக்கம் சொல்வது மற்றொரு நோக்கம். இசை கேட்பது பற்றி நமது இல்லங்களில் ஒரே நிலைப்பாடு இல்லை என்பதை அறிவேன். அந்த முடிவு அந்தந்த வீட்டுக்கு உரியது. கேட்கும் வீடுகளில் தெரிந்து கேட்கட்டும் என்பதே என் விருப்பம்.

கே-பொப் என்றால் என்ன?

தென்கொரியாவின் பொப் இசையே கே-பொப். 'பொப்' என்ற சொல் நம் பெற்றோருக்குப் புதிதல்ல. 1970களில் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை ஊரெங்கும் ஒலித்தது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யைச் சிங்களம் ஒரு சொல்லும் அறியாத தமிழகத்தாரும் பாடி மகிழ்ந்தார்கள். பொருள் தெரியாமல் மெட்டில் மயங்குவது எங்கள் தலைமுறை மட்டும் செய்யும் குற்றமல்ல!

தமிழ்த் திரைப்பாடலில் பல்லவி, சரணம், இடையிசை என்று ஓர் ஒழுங்கு உண்டல்லவா? கே-பொப் பாடலிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அமைதியான தொடக்கம், மெல்ல ஏறும் ஒரு படி, எல்லோரும் சேர்ந்து பாடும் பல்லவி, நடுவில் வேகமாகப் பேசுவதுபோன்ற 'ரெப்', இறுதிக்கு முன் மெட்டையே திருப்பிவிடும் ஒரு பகுதி, பின் மீண்டும் பல்லவி. குழுவில் முதன்மைப் பாடகர், ரெப் பாடுபவர், முதன்மை நடனக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கும். நான்கு நிமிடத்துக்குள் நான்கைந்து மனநிலைகள் மாறுவதால், முதன்முறை கேட்பவருக்குச் சற்றுக் குழப்பமாக இருக்கும். மூன்றாம் முறை கேட்கும்போது கட்டமைப்புப் பிடிபடும்.

பெரும்பாலான பெற்றோர் அறிந்தது 2012இல் வெளிவந்த 'காங்னம் ஸ்டைல்' ஒன்றைத்தான். யூடியூபில் 100 கோடிப் பார்வைகளை முதலில் எட்டிய காணொளி அது. காங்னம் என்பது சியோல் நகரில் பணக்காரர் வாழும் பகுதி. அவர்களைப் போல் பாவனை செய்யும் ஒருவனைக் கேலி செய்வதே அப்பாட்டு. ஆனால் அந்தக் காணொளியின் சில காட்சிகள் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்க ஏற்றவையல்ல. அதைக் கொண்டு மொத்த இசையையும் அளந்துவிட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

வாப்பாவிடம் கற்ற முறை

வாப்பாவுக்குப் பாட்டு என்றால் வானொலி. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் பாட்டை ஒலிக்கவிடுமுன் படம் எது, இசை யார், எழுதியவர் யார், பாடியவர் யார் என்று சொல்லுவார்களாம். "அப்படிக் கேட்டாத்தான் பாட்டு மனசுல நிக்கும்" என்பார் வாப்பா. அந்த முறையிலேயே ஆறு பாடல்களை இங்கே அறிமுகப்படுத்துகிறேன்.

1. 'நான் அராயோ' (1992) – சோ தைஜி குழுவினர்

இன்றைய கே-பொப்பின் தொடக்கப் புள்ளியாகப் பலரும் சொல்வது இப்பாடலையே. தொலைக்காட்சித் திறமைப் போட்டி ஒன்றில் மூன்று இளைஞர்கள் இதைப் பாடியபோது நடுவர்கள் மிகக் குறைந்த புள்ளிகளையே கொடுத்தார்கள். மக்களோ பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பாட்டின் பெயருக்குப் பொருள் 'எனக்குத் தெரியும்'. 'நான் அறிவேன்' என்று நம் செவிக்கு எட்டுகிறதல்லவா? கொரியக் குழந்தைகள் தாயை 'ஒம்மா' என்றும் தந்தையை 'அப்பா' என்றும் அழைப்பார்கள். நமது 'உம்மா'வுக்கும் 'ஒம்மா'வுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் இவற்றைத் தற்செயல் ஒற்றுமை என்றே கொள்கின்றனர். இருந்தாலும், அந்நிய மொழிப் பாட்டில் வீட்டுச் சொல் ஒன்று கேட்பது இனிமையே.

2. 'மீண்டும் சந்தித்த உலகம்' (2007) – கேர்ள்ஸ் ஜெனரேஷன்

ஆங்கிலத்தில் 'இன்டு த நியூ வேர்ல்ட்' என்று அறியப்படும் பாடல். இசை கென்சி என்ற பெண் இசையமைப்பாளர். ஒன்பது இளம்பெண்களின் முதற்பாட்டு. மெல்லத் தொடங்கி, பல்லவியில் கதவொன்று திறந்ததுபோல விரியும்.

இதை நான் முன்வரிசையில் வைப்பதற்குக் காரணம் ஒரு பெண்கள் பல்கலைக்கழகம். 1886இல் ஒரே ஒரு மாணவியோடு தொடங்கிய பள்ளியே இன்று சியோலிலுள்ள இஹ்வா பெண்கள் பல்கலைக்கழகம். 2016இல் அங்கு புதிய கல்லூரி ஒன்றைத் தொடங்கும் திட்டத்தை எதிர்த்து மாணவிகள் கட்டடத்துக்குள் அமர்ந்து போராடினர். ஜூலை 30இல் பெருந்தொகையான பொலிஸார் உள்ளே நுழைந்தபோது, அம்மாணவிகள் கைகளைக் கோத்துக்கொண்டு பாடியது இப்பாட்டையே. அவர்கள் சிறுமிகளாயிருந்தபோது கேட்டு வளர்ந்த பாட்டு அது. சில நாட்களில் நிர்வாகம் அத்திட்டத்தைக் கைவிட்டது. 2024 டிசெம்பரில் கொரிய ஜனாதிபதிக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தபோதும் இதே பாட்டு ஒலித்தது. பயத்தை அடக்க எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டுத் தேவைப்பட்டது; அது இதுவாக இருந்தது.

3. 'நல்ல நாள்' (2010) – ஐயூ

கொரிய மொழியில் 'ஜோஉன் நல்'. 'நல்' என்றால் நாள்! வரிகள் கிம் ஈனா, இசை லீ மின்-சூ. பாடும்போது ஐயூவுக்கு வயது 17. குடும்பம் வறுமையில் சிதறிய காலத்தைக் கண்டவர்; பல குரல் தேர்வுகளில் தோற்றவர். சொல்ல முடியாத அன்பை மனதில் வைத்துக்கொண்டு, வானம் எவ்வளவு அழகு என்று பேசி மழுப்பும் ஒரு பெண்ணின் பாட்டு இது. இறுதிப் பகுதியில் ஒரே மூச்சில் மூன்று படிகளாகக் குரல் மேலேறும் இடம் பெயர்பெற்றது. நடனம், உடை, காணொளி எதுவும் வேண்டாம்; குரலை மட்டும் கேட்க விரும்புவோர் இங்கே தொடங்கலாம்.

4. 'வசந்த நாள்' (2017) – பீடிஎஸ்

'பொம்-நல்' என்பது இதன் கொரியப் பெயர். இதிலும் 'நாள்' இருக்கிறது. பஸ்ஸில் உம்மா கேட்டது இப்பாட்டைத்தான்.

வீட்டுக்கு வந்து மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். பார்க்க முடியாத ஒரு நண்பரை எண்ணி ஏங்கும் பாட்டு; குளிர்காலம் போய் வசந்தம் வரும்வரை காத்திருக்கும் பாட்டு. 2014 ஏப்ரல் 16இல் செவோல் என்ற கப்பல் கொரியக் கடலில் மூழ்கி 304 பேர் இறந்தனர். அவர்களில் 250 பேர் சுற்றுலா சென்ற ஒரே உயர்நிலைப் பள்ளியின் மாணவ மாணவியர். அவர்களுக்கான நினைவுச் சின்னம் மஞ்சள் நாடா. இப்பாட்டின் காணொளியில் குடை ராட்டினம் ஒன்றில் மஞ்சள் நாடாக்கள் அசைகின்றன. கொரியர் பலர் இதை அப்பிள்ளைகளின் நினைவாகவே கேட்கின்றனர்.

இதை உம்மாவிடம் சொன்னேன். உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. "அந்தப் புள்ளைகள்ட உம்மாமார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்தப் பாட்டை இன்னொருக்கா போடுங்க மகள்" என்றார். இரண்டு வருடங்கள் கேட்டும் எனக்குப் புரியாதது உம்மாவுக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்தது.

5. 'டைனோசர்' (2017) – அக்மியூ

அண்ணனும் தங்கையும் மட்டுமே கொண்ட குழு. நம் வழக்கில் சொன்னால் நானாவும் தங்கச்சியும். மொங்கோலியாவில் வளர்ந்து, வீட்டிலேயே கல்வி கற்றவர்கள். 2013இல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் வென்றார்கள். பாடல்களை எழுதுபவர் அண்ணன் லீ சான்-ஹியுக். சிறுவயதில் இராத்திரிகளில் வந்த பயத்தை டைனோசராக உருவகித்து எழுதிய இப்பாட்டைச் சிறிய தம்பி தங்கைகளோடும் கேட்கலாம். தங்கை சூ-ஹியுனின் குரல் கண்ணாடிபோல் தெளிவு.

6. 'ஒரு பக்கமாக ஆகும்படி' (2019) – டே6

இவர்கள் ஆடும் குழுவல்லர்; கிட்டார், ட்ரம் முதலியவற்றைத் தாமே வாசித்துத் தாமே எழுதும் இசைக்குழுவினர். இன்று என்ற நாளை வாழ்க்கைப் புத்தகத்தில் ஓர் அழகிய பக்கமாக்குவோம் என்பது பாட்டின் கருத்து. வெளிவந்து சில வருடங்களுக்குப் பின்னரே கொரியாவில் பெரும் வெற்றி பெற்றது. உயர்தரப் பரீட்சை முடித்துப் பிரியப்போகும் வகுப்புகளுக்கு இதை விசேடமாகச் சிபாரிசு செய்கிறேன்.

வெளிச்சத்துக்குப் பின்னால்

பாட்டை மட்டும் புகழ்ந்துவிட்டு நின்றால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். இத்துறையில் நுழையும் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே நிறுவனங்களில் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். பல வருடம் பயின்றும் மேடையேறாமல் போவோரே அதிகம். 2009இல் டிவிஎக்ஸ்கியூ குழுவின் மூவர், 13 வருட ஒப்பந்தம் அநியாயமானது என்று நீதிமன்றம் சென்றார்கள். அதே வருடம் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணைக்குழு மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டு 7 வருட எல்லையை வகுத்தது. ஷைனி குழுவின் ஜொங்ஹியுன் மனச்சோர்வோடு போராடி 2017இல் தம் 27ஆவது வயதில் மறைந்தார். திரையில் நாம் காணும் மெலிந்த உடலும் பளிங்கு முகமும் கடும் உணவுக் கட்டுப்பாட்டாலும் ஒப்பனையாலும் ஆனவை. கண்ணாடி முன் நின்று நம் முகத்தை அவற்றோடு ஒப்பிட்டு வருந்துவது வீண். ஒரே அல்பத்தைப் பல அட்டைகளில் வெளியிட்டு, உள்ளே எந்தப் புகைப்படம் வரும் என்ற ஆவலை ஊட்டி விற்பது ஒரு வியாபாரம். வாப்பாவின் சம்பளத்தை அதில் கொட்ட வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டின் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமியர் மூவர், பீடிஎஸ் குழுவைக் காணக் கப்பலேறிக் கொரியா போவதென்று வீட்டுக்குச் சொல்லாமல் புறப்பட்டார்கள். கையில் இருந்தது 14,000 இந்திய ரூபாய். நல்ல வேளையாகக் காட்பாடி ரயில் நிலையத்தில் பாதுகாப்பாக மீட்கப்பட்டார்கள். இச்செய்தியை வாசித்துச் சிரித்தவர்கள் பலர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பல், ரயில், பணம் என்று அவ்வளவையும் திட்டமிட்ட அந்தப் பிள்ளைகள், தமக்கு என்ன பிடிக்கும் என்பதைத் தம் வீட்டில் எப்போதாவது சொல்லியிருப்பார்களா என்றே நினைத்தேன்.

பெற்றோருக்கும் தோழியருக்கும்

பெற்றோரே, போனைப் பறிப்பதற்கு முன் ஒரு முறை உம்மா கேட்ட அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "என்ன சொல்றாங்க?" பதில் தெரிந்த பிள்ளை மகிழ்ந்து விளக்கும். தெரியாத பிள்ளை என்னைப்போல் தேடிப் படிக்கும். பொருள் தெரிந்தபின் தாமாகவே விட்டுவிட்ட பாட்டுகள் என்னிடம் சில உண்டு. யாரும் விடச் சொல்லவில்லை. உம்மாவுக்கு விளக்கிச் சொல்ல நா எழவில்லை, அவ்வளவுதான்.

தோழியரே, காணொளியை ஒதுக்கிவைத்து முதலில் காதால் கேளுங்கள். பிறகு பொருளைப் படியுங்கள். பிறகு யார் எழுதினார், ஏன் எழுதினார் என்று பாருங்கள். பரீட்சை நெருங்கினால் ஆறு பாட்டும் காத்திருக்கும். அவை எங்கும் ஓடிவிடாது.

இப்போதும் பஸ்ஸில் இயர்போனின் ஒரு பக்கம் உம்மாவுக்குத்தான். ஆனால் உம்மாவின் நிபந்தனை ஒன்று உண்டு: எனது பாட்டு ஒன்று என்றால், அடுத்தது நாகூர் ஹனிபாவின் பாட்டு ஒன்று. சென்ற வாரம் அப்படிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது வாப்பா கேட்டார்: "அந்தப் பாட்டை எழுதினது யாரெண்டு தெரியுமா மகள்?"

சிறுவயது முதல் கேட்ட பாட்டு. ஒவ்வொரு வரியும் மனப்பாடம். எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை.