சிறுவர்களுடன் கண்டிக்கு: அவசரம் வேண்டாம்

ஓகஸ்ட் விடுமுறையில் சிறு பிள்ளைகளுடன் கண்டிக்குச் செல்லப் பல குடும்பங்கள் விரும்புகின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளதால், கரையோரத்தின் புழுக்கம் அங்கு குறைவு. ஆயினும் இரண்டு நாட்களில் அனைத்தையும் பார்த்துவிட வேண்டுமென்ற பெரியோரின் அவசரம், பிள்ளைகளுக்குக் களைப்பையும் அழுகையையுமே மிச்சமாக்குகின்றது.

நாளொன்றுக்கு ஓரிடமே போதுமானது. பேராதனை தாவரவியல் பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது. அதை முழுமையாகச் சுற்றிவர வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் சென்று, புல்வெளியில் ஓடி விளையாடவும் மரங்களில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்களை வேடிக்கை பார்க்கவும் விட்டாலே பிள்ளைகள் மகிழ்வர். நண்பகலில் உணவும் உறக்கமும் அவசியம். மாலையில், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவிக்கரையில் சிறிது தூரம் நடக்கலாம்.

ஆடி, ஆவணியில் நடைபெறும் எசல பெரஹராவின்போது வீதிகள் மூடப்படுகின்றன. தங்குமிடக் கட்டணங்களும் உயர்கின்றன. கைக்குழந்தையுடன் செல்வோர் அதன் திகதிகளை முன்கூட்டியே அறிந்து, ஊர்வலம் நிறைவுற்றபின் செல்வதே உசிதம்.

எத்தனை இடங்களைப் பார்த்தோம் என்பதைப் பிள்ளைகள் கணக்கிடுவதில்லை. தாயும் தந்தையும் அவசரமின்றித் தம்மோடு இருந்த பொழுதே அவர்களது நினைவில் நிலைக்கும்.