தாழ்சர்க்கரை: அறிதலும் ஆற்றுதலும்

மலேசியத் தமிழர் இல்லங்களில் நீரிழிவுக்கு 'இனிப்பு நீர்' என்ற பெயர் வழங்குகிறது. அப்பெயருக்கேற்ப நாம் சர்க்கரை மிகுவதையே அஞ்சுகிறோம். அது குறைவதையோ 'களைப்பு', 'மயக்கம்' என்று கூறிப் படுக்கவைத்துவிடுகிறோம். உண்மையில், மணிக்கணக்கில் காத்திராது நிமிடங்களில் தீங்கு செய்வது இக்குறைவே. இதனைத் 'தாழ்சர்க்கரை' என்போம்.

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியருள் 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. ஆதலின், குளுவாங் நகரிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வாழும் நமக்கு இவ்வறிவு இன்றியமையாதது.

குருதியில் சர்க்கரை லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழ் இறங்குவதே தாழ்சர்க்கரை. தமிழகத்து அளவில் இது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராம். இன்சுலினோ, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டபின் உணவைத் தவிர்ப்பது, விரதமிருப்பது, வழக்கத்தினும் கடுமையாக உழைப்பது ஆகியவை இதற்குக் காரணங்களாகும்.

சர்க்கரை தாழும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. அதனால் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும்பசி தோன்றும். மேலும் தாழ்ந்தால் மூளை தன் எரிபொருளை இழக்கும். பேச்சுக் குழறும், சினம் எழும், நடை தள்ளாடும். இந்நிலையில் இருப்பவரைக் குடித்தவரென்று ஒதுக்குவதும், வகுப்பில் அடங்காத மாணவரென்று தண்டிப்பதும் பெரும்பிழையாகும். நெடுங்காலம் நீரிழிவுடையோர்க்கு முன்னறிகுறிகள் தோன்றாமலும் போகலாம்.

நினைவுள்ளவருக்கு உடனே 15 கிராம் சர்க்கரை தருக. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்தால் போதும். காப்பிக்கடையில் நாள்தோறும் 'கோசோங்' கேட்பவரும் அவ்வேளையில் இனிப்பையே பருகவேண்டும். சாக்லெட்டின் கொழுப்பு சர்க்கரை குருதியில் சேர்வதைத் தாமதிக்கும்; ஆதலின் அது உதவாது. 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, உயராவிடில் மறுமுறையும் தருக. தேறியபின் ரொட்டியோ சோறோ உண்ணச் செய்க. மாத்திரையால் நேர்ந்த தாழ்வு மீண்டும் வரக்கூடும். மருத்துவரைக் காண்பது நலம்.

நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது; மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். ஒருக்களித்துக் கிடத்தி, 999 என்னும் எண்ணை அழைக்க.

பள்ளிகளில் நீரிழிவுடைய மாணவர் யாவரென ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். நடுக்கமுற்ற மாணவரை ஓய்வறைக்குத் தனியே அனுப்பலாகாது. இருந்த இடத்திலேயே இனிப்பு நீரைப் பருகச் செய்தல் வேண்டும். உடற்கல்விக்கு முன் அவர் உண்டாரா என்று வினவுதலும், வகுப்பறையில் சிறிது சர்க்கரை வைத்திருத்தலும் எளிய செயல்களே. அவை ஓர் உயிரைக் காக்கக்கூடும்.