மாட்டு வண்டி ஏறிய சரித்திரப் பாடம்!

சரித்திரப் பாடம் என்றால் பல பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். அந்தக் கொட்டாவியை விரட்ட ஒரு வாலிபர் வழி கண்டுபிடித்தார்.

அவர் பெயர் டான் ராவிட்ச். அமெரிக்காவில் மின்னியாபோலிஸ் நகரில், 1971-ம் ஆண்டு ஆசிரியர் பயிற்சி பெற்று வந்தார். வயது 21. 8-ம் வகுப்புக்கு, மக்கள் மேற்கே குடியேறிய கதையை அவர் நடத்த வேண்டும்.

19-வது நூற்றாண்டில் நிலம் தேடி மிசௌரியில் இருந்து ஓரிகனுக்கு மாட்டு வண்டியில் போனவர்களின் கதை அது. ஏறக்குறைய 2 ஆயிரம் மைல்! 5, 6 மாதம் ஆகும். வழியில் காலராவில் மாண்டவர்கள் பலர்.

இதைக் காய் நகர்த்தும் ஆட்டமாக்க எண்ணி, பெரிய காகிதத்தில் ராவிட்ச் பாதையை வரைந்தார். அவரோடு தங்கியிருந்த இரண்டு கணக்கு ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். இரண்டே வாரத்தில் அதைக் கம்ப்யூட்டர் விளையாட்டாக்கி விட்டார்கள்!

பள்ளியில் இருந்த கருவிக்குத் திரை கிடையாது. டைப் மெஷின் போல இருக்கும். கேள்வி காகிதத்தில் அச்சாகும். பிள்ளைகள் பதில் தட்டுவார்கள்.

கையில் 700 டாலர். மாடு, உணவு, தோட்டா, துணிமணி, மருந்து எல்லாம் அதற்குள் வாங்க வேண்டும். உணவைக் குறைத்தால் பட்டினி. துணியைக் குறைத்தால் மலையில் குளிர். வேட்டையாட "பேங்" என்று வேகமாகத் தட்ட வேண்டும். தாமதித்தால் மான் ஓடிவிடும்!

ஒரே கருவி. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒருவன் தட்ட, ஒருவன் வரைபடம் பார்க்க, இன்னொருவன் பணக்கணக்குப் பார்த்தான். வாத்தியார் சொல்லாமலே வேலையைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். (வீட்டுச் செலவுக்குப் பணம் எண்ணும் தாய்மாருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல!)

பயிற்சி முடிந்ததும் ராவிட்ச் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் இருந்து அழித்துவிட்டார். அச்சிட்ட காகிதம் மட்டும் மிஞ்சியது. 1974-ல், பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்யும் அரசு நிறுவனத்தில் சேர்ந்தபோது, அதைப் பார்த்து மீண்டும் தட்டி ஏற்றினார். இந்தத் தடவை, பயணம் போனவர்களின் பழைய நாட்குறிப்புகளைப் படித்தார். நோயும் புயலும் எத்தனை முறை வந்தனவோ, அந்தக் கணக்கில் ஆட்டத்திலும் வரச் செய்தார்.

அந்த உழைப்புதான் இதைப் பாடமாக்கியது. வெறும் ஆட்டம் பொழுதைத்தான் போக்கும்.

ஆனால் ஒரு குறை. அந்தப் பாதை கடந்து போனது பழங்குடி மக்களின் மண். அவர்கள் இழந்த கதை விளையாட்டில் இல்லை. 2021-ல் வந்த புதிய பதிப்பில்தான், பழங்குடி அறிஞர்களைக் கலந்து அவர்கள் கதைகளையும் சேர்த்தார்கள்.