தோளில் ஒரு தழும்பு, அக்குளில் ஓர் உரையாடல்

குயிலாப்பாளையத்துச் செம்மண் தெருவில் விளையாடும் பிள்ளைகளின் இடது தோளைக் கவனியுங்கள். பலருக்குச் சிறு வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. ஊசி போட்ட சில வாரங்களில் அவ்விடம் கொப்புளித்து, சீழ் கண்டு, தானே ஆறிவிடும். இதைக் கண்டு பதறி மஞ்சள் பற்றுப் போடும் தாய்மார் உண்டு. போட வேண்டாம். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பதற்றம் தணியும்.

ஊசி மருந்தில் இருப்பவை வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகள். தோலில் காவலிருக்கும் ஒருவகைச் செல், மரக்கிளைபோல் நாலாபுறமும் நீட்சிகளை விரித்திருக்கும். இக்கிளைச்செல்லை 1973-இல் விவரித்த ரால்ஃப் ஸ்டைன்மன், 2011-இல் நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு காலமானார் என்பது வருத்தமான செய்தி. கிளைச்செல் கிருமியை விழுங்கி, அதன் புரதத்தைத் துண்டாக்கி, அத்துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு அக்குளிலுள்ள நிணநீர்க்கணுவுக்குச் செல்கிறது.

அங்கே டி செல்கள் கூட்டமாய்க் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் நுண்விரல்களால் கிளைச்செல்லைத் தடவிப் பார்த்து நகர்கிறது. அத்துண்டுக்குப் பொருந்தும் ஏற்பி உடைய டி செல் மட்டும் நின்றுவிடும். இரண்டும் ஒட்டித் தட்டையாகின்றன. ஏற்பிகள் நடுவில் குவிய, ஒட்டுப்புரதங்கள் சுற்றிலும் வளையமிடுகின்றன. நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கினால் ஏறத்தாழ ஒன்றரைக் கூறு! சந்தை இரைச்சலில் காதோடு காதாகப் பேசுவது போலத்தான். சேதி உரியவருக்கு மட்டுமே போய்ச் சேரும்.

சேதி பெற்ற டி செல் பெருகி, தோளுக்கு வருகிறது. அங்கே கிருமியை விழுங்கியும் கொல்ல முடியாமல் திணறும் பெருவிழுங்கு செல்லை ஒட்டி நின்று, 'இண்டர்ஃபெரான் காமா' என்ற பொருளைச் சுரக்கிறது. உடனே அதற்குக் கொல்லும் திறன் கூடுகிறது. கொப்புளம் இந்தக் கூட்டத்தின் விளைவே.

ஆனால் இந்த ஊசியை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. 1968-இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசத்தை இது தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிறு குழந்தைகளை மூளையுறைக் காசத்திலிருந்து காப்பதாலேயே இன்றும் போடுகிறார்கள். அக்குளில் கட்டி பெரிதானால் மருத்துவரிடம் காட்டுங்கள். தழும்பு விழவில்லை என்பதற்காக மறுபடி ஊசி போட வேண்டியதில்லை.