சின்ன ஆசைகளும் தவணைக் கொப்பியும்

சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போன ஒரு பெண், வரும் வழியில் ஒரு சோடிக் காப்பும் ஒரு கியூரெக்ஸ் போத்தலும் வாங்கிக்கொண்டு வருகிறார் என வைத்துக்கொள்வோம். இது ஊரில் ஒரு செய்தியாகுமா? அவர் கணவனை இழந்தவராக இருந்தால் நிச்சயமாக ஆகும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் இன்னும் பெரிய செய்தியாகும். பொட்டு வைத்தாலும் கேள்வி, வைக்காவிட்டாலும் கேள்வி என்ற நிலையில் வாழும் அந்தச் சகோதரி, ஒரு லிப்ஸ்ரிக் வாங்குவதற்குக்கூட ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னேரம் கள்ளுத் தவறணைக்குப் போகிற ஆணிடம் "இன்றைக்கு எவ்வளவு செலவழித்தாய்?" என்று எந்த அயலவரும் கேட்பதில்லை.

தெல்லிப்பழைப் பகுதியில் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்கையில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம், "எனக்கென்று ஒன்றும் வாங்குவதில்லை" என்பது. இதைப் பெண்கள் பெருமையாகவே சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் எனக்குச் சம்மதமில்லை. வருடக்கணக்காக நலன்புரி நிலையத்தில் வரிசையில் நின்று, பிறர் தெரிவு செய்த உடுப்பையும் பிறர் தெரிவு செய்த சவர்க்காரத்தையும் வாங்கிப் பழகிய ஒருவருக்கு, தானே ஒரு நிறத்தைத் தெரிவு செய்து, தன் காசைக் கொடுத்து வாங்குவது சின்ன விடயமல்ல. உதவி வழங்கும் இடங்களில் வேலை செய்பவர்கள் சிலர், வீட்டுக்குள் ஒரு பெரிய ரிவியைக் கண்டவுடன் "இவர்களுக்கு உதவி தேவையில்லை" என்று எழுதிவிடுவதும் உண்டு. வறுமைப்பட்டவர் வறுமையாகவே தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இதன் அடியில் இருக்கிறது.

எமது அம்மாமாரின் காலத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடுப்புடன் வெளியேறினார்கள். அதே காலத்தில் பொருளாதாரத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம் எல்லாம் தட்டுப்பாடு. பனம்பழத்தால் துணி தோய்த்தார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டு, திரி போட்டு விளக்கு எரித்தார்கள். பாட்டுக் கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க டைனமோவில் வானொலி பாடியது. அந்த நெருக்கடியிலும் பாட்டுக் கேட்க மனிதருக்கு ஆசை இருந்தது என்பதைக் கவனியுங்கள். அதை ஆடம்பரம் என்று அன்று எவரும் சொல்லவில்லை.

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தபோது தென்பகுதி வியாபாரிகள் வந்து இறங்கினார்கள். பிளாஸ்ரிக் பூக்கள், மலிவு விலைச் சட்டைகள், வாசனைப் பவுடர்கள் என்று தெருவோரம் நிறைந்தது. 2006 ஆவணியில் பாதை மீண்டும் மூடப்பட, சீனிக்கும் மாவுக்கும் வரிசை வந்தது. போர் முடிந்து பாதை திரும்பவும் திறந்த பின்னர் கடைகள் மழைக்காலத்து ஈசல் போலக் கிளம்பின. 2010 இல் யாழ்ப்பாணத்தில் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி தொடங்கியது. 2013 இல் ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் சதுக்கம் வந்தபோது, பொருள் வாங்குவதைவிட நகரும் படிக்கட்டில் ஏறிப் பார்க்கவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பலர். 2015 தையில் காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்க, தெல்லிப்பழை நிலையத்திலும் மீண்டும் ஆட்கள் இறங்கினார்கள். பின்னர் 2022 இன் நெருக்கடி. அந்த வருடம் ஆவணியில் 300 வகைப் பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் இடைநிறுத்தியபோது, அந்தப் பட்டியலில் சொக்லேட்டும் ஷம்புவும் வாசனைத் திரவியமும் இருந்தன. தடை என்றால் என்னவென்று தெற்கில் பலர் அப்போதுதான் அறிந்தார்கள்; எங்கள் அம்மாமார் சிரித்தார்கள்.

ஆகவே பொருள் மேல் வரும் ஆசை எங்களுக்குப் புதிதல்ல. புதிதாக வந்தவை இரண்டு. ஒன்று கைத்தொலைபேசி. மற்றது தவணைக் கொப்பி.

சமூகவியலில் தோர்ஸ்ரீன் வெப்லன் என்ற அமெரிக்க அறிஞர் 1899 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதர் பல பொருட்களைப் பயன்பாட்டுக்காக மட்டும் வாங்குவதில்லை, மற்றவர் காண்பதற்காகவும் வாங்குகிறார்கள் என்பதே அது. சாமத்தியச் சடங்குக்கு ஹெலிக்கொப்டர் கேட்கிற காலத்தில் இதற்கு மேலும் விளக்கம் தேவையில்லை. 1954 இல் லியோன் பெஸ்ரிங்கர் என்ற உளவியலாளர், மனிதர் தம்மை மதிப்பிடுவதற்கு மற்றவரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்றும், பெரும்பாலும் தம்மைப் போன்றவரோடுதான் ஒப்பிடுகிறார்கள் என்றும் எழுதினார். முன்பு அந்த "தம்மைப் போன்றவர்" பக்கத்து வளவில் இருந்தார். அவருடைய வீட்டில் அரிசி இல்லாத நாளும் எங்களுக்குத் தெரியும். இன்று அவர் லண்டனில் அல்லது ரொறன்ரோவில் இருக்கிறார். ஒரே பாடசாலை, ஒரே வாங்கு, ஒரே வயது. அவருடைய புது மாபிள் குசினியும் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கும் பேஸ்புக்கில் வருகின்றன. அந்த வீட்டின் வங்கிக் கடனும், இரண்டு வேலைக்கு ஓடுகிற களைப்பும், குளிர்காலத்து இருட்டில் பஸ்சுக்கு நிற்கிற நேரமும் படத்தில் வருவதில்லை. யாராவது தமது கடன் அட்டைப் பில்லைப் படம் எடுத்துப் போட்டதை நீங்கள் கண்டதுண்டா?

போனைக் கையில் எடுத்தால் வைக்க முடியவில்லை என்று பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அது முழுவதும் உங்கள் பலவீனம் அல்ல. பக்கம் முடியாமல் கீழே கீழே வந்துகொண்டேயிருக்கும் முறையை 2006 இல் வடிவமைத்தவர் அசா ரஸ்கின் என்பவர். பின்னாளில் அதற்காக அவரே பகிரங்கமாக வருந்தினார். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், வானொலியில் நிகழ்ச்சி முடியும், அப்போது எழும்பிப் போய் அடுப்பைப் பார்ப்போம். இதில் முடிவு என்ற ஒன்று இல்லை. நீங்கள் எதில் சில விநாடிகள் தரித்து நின்றீர்கள் என்பதையும் அது குறித்து வைக்கிறது. ஒரு சேலையில் தரித்தால் நாளைக்குப் பத்துச் சேலை வரும். பிள்ளைகள் தூங்கிய பின், தனிமையில், இரவு பதினொரு மணிக்கு அந்தச் சேலைகளைப் பார்ப்பவருக்கு அதை வாங்கத் தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். எனக்குத் தெரிந்த ஒரு தாய், இரவில் பிடித்த பொருளின் படத்தைச் சேமித்து வைத்துவிட்டு, அடுத்த நாள் காலை தேத்தண்ணி குடித்த பின் திரும்பப் பார்ப்பார். காலையில் முக்கால்வாசி அழகில்லாமல் போய்விடுகிறது என்கிறார்.

தவணைக் கொப்பியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். உதாரணமாக, காசு கொடுத்து வாங்கினால் 40,000 ரூபாவான ஒரு போனை எடுத்துக்கொள்வோம். தவணைக்கு எடுத்தால் முற்பணம் 8,000, பின்னர் மாதம் 4,000 வீதம் 12 மாதம் என்கிறார்கள். மாதம் 4,000 என்றால் தாங்கலாம் போலிருக்கும். கூட்டிப் பாருங்கள்: 8,000 உம் 48,000 உம் சேர்ந்து 56,000 ரூபா. மேலதிகமாக 16,000. முற்பணம் போக நீங்கள் கடன்பட்டது 32,000 தான். "நூற்றுக்கு 50 வீத வட்டி" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஆனால் மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டே வருகிறதல்லவா? ஆறாம் மாதத்துக்குப் பின் உங்கள் கையில் இருப்பது அந்தக் கடனின் ஒரு பகுதி மட்டுமே. குறையும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி வருடத்துக்கு 80 வீதத்தையும் தாண்டும். அதே 4,000 ரூபாவை மாதாமாதம் ஒரு ரின்னில் போட்டு வந்தால், பத்தாம் மாதம் போன் உங்கள் கையில். முற்பணமும் இல்லை, கொப்பியும் இல்லை.

இதற்குள் நுண்கடனும் வந்து சேருகிறது. சுயதொழிலுக்கென்று எடுத்த குழுக்கடனில் ஒரு பகுதி போனுக்கோ குளிரூட்டிக்கோ போய்விடுவது எல்லோரும் அறிந்த இரகசியம். அதை அடைக்க இன்னொரு கடன். சேகரிப்பவர் வரும் நாளில் கதவைப் பூட்டிவிட்டுப் பின் வளவில் நிற்பது. குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், அயலவருக்கிடையில் இருந்த பேச்சும் அற்றுப்போகிறது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, கட்ட முடியாமல் நின்ற பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் இரத்துச் செய்ய முன்வந்ததும், வட்டிக்கு 35 வீத உச்ச எல்லை அறிவித்ததும் இந்தத் துயரம் அந்த அளவுக்கு முற்றியதால்தான். அந்த வருடம் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில இடங்களில் வட்டி 220 வீதம் வரை போவதாகக் குறிப்பிட்டார். பெண்களுக்குச் சிக்கனம் பற்றி வகுப்பெடுப்பவர்கள் இந்த எண்ணையும் கரும்பலகையில் எழுத வேண்டும்.

போனில் வரும் பொருட்களில் ஒன்றைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வெள்ளையாக்கும் கிறீம். ஏழு நாளில் நிறம் மாறும் என்று பேஸ்புக்கில் விற்கப்படும், தயாரித்தவரின் முகவரி இல்லாத டப்பாக்களைத் தொடாதீர்கள். இவ்வகைக் கிறீம்கள் பலவற்றில் பாதரசம் இருப்பது உலகின் பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. பாதரசம் தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பூசியவரின் துவாயாலும் தலையணையாலும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் ஒட்டும். டப்பாவில் மேர்க்கரி, கலோமல் என்ற சொற்கள் இருந்தால் அதுவே அது. எழுதாமல் விற்பவர்களும் உண்டு. ஏற்கனவே பூசி வருபவர்கள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். எமது கருமைக்கு மருந்து தேவையில்லை என்பது வேறு கதை. அதை மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வந்த பார்சல் கதை. முன்பின் தெரியாத ஒருவர் சில கிழமைகள் அன்பாகக் கதைப்பார். பின்னர் உங்களுக்கு நகையும் போனும் அனுப்பியிருப்பதாகப் படம் காட்டுவார். அடுத்து, சுங்கத்திலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்து, பார்சலை எடுக்க ஒரு வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொல்லுவார். பார்சல் வராது, அந்த அன்பும் அத்தோடு போய்விடும். தனித்து வாழும் பெண்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும், வங்கி என்று சொன்னாலும், கொடுக்க வேண்டாம். ஏமாந்தவர்கள் வெட்கத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் அவர்களுக்கு மிகப் பெரிய உதவி. இணையவழித் தொல்லைகளுக்கு இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியின் 101 என்ற இலக்கமும், பெண்களுக்கான உதவிக்கு 1938 என்ற இலக்கமும் உள்ளன.

கடையில் வாங்கியது பழுதானால் பேசாமல் இருக்கவும் தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால் மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. பற்றுச்சீட்டைச் சாமித்தட்டில் வைத்தாலும் சரி, எறியாதீர்கள்.

போனால் கெடுதல் மட்டும்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் வடகமும் வட்ஸ்அப்பில் படம் போட்டு விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கும் எம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டிலிருந்துகொண்டு அரைக்கிலோ மாவுக்கு நூறு ரூபா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.

கடைசியாக ஒரு சீட்டைப் பற்றி. எங்கள் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் மாதம் 500 ரூபா போட்டு ஒரு சீட்டுப் பிடித்தார்கள். வழமையான சீட்டில் காசு பிள்ளையின் ரியூசனுக்கோ கூரை ஓட்டுக்கோ போய்விடும். இந்தச் சீட்டுக்கு ஒரே நிபந்தனை, எடுப்பவர் தனக்கென்றே செலவழிக்க வேண்டும், வாங்கியதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டவும் வேண்டும். முதல் மாதம் எடுத்தவர் மகளுக்குச் சட்டை வாங்கிக்கொண்டு வந்து பேச்சு வாங்கினார். அடுத்தவர் தனக்கு ஒரு சோடி நல்ல செருப்பு வாங்கினார். ஒருவர் துர்க்கை அம்மன் கோயில் திருவிழாவில் காப்புக் கடைக்குப் போய், இரண்டு கை நிறையப் பச்சைக் காப்பு வாங்கி, கச்சானும் வாங்கி, மீதிக் காசில் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிறீம் குடித்தார். எழுபது வயது ஆச்சி ஒருவர் வாசனைப் பவுடர் ரின் ஒன்று வாங்கி வந்தார். 1990 இல் வீட்டை விட்டு ஓடும்போது அலுமாரியில் விட்டுவிட்டு வந்த அதே வகையாம். கூட்டம் முடியும் முன் எல்லோருடைய கழுத்திலும் கொஞ்சம் பூசிவிட்டுத்தான் போனார்.