மேம்பாலச் சுவரின் முகமும் முதுகும்

மேம்பாலம் என்றதும் எல்லோரும் படம் எடுப்பது தூண்கள் நிற்கும் நடுப்பகுதியைத்தான். சாலை மெல்ல ஏறி இறங்கும் இரு முனைகளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த முனைகளின் பக்கச் சுவரை ஒட்டித்தான் கடைகள் இருக்கின்றன. பேருந்துக்கு ஆட்கள் காத்து நிற்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். அவர்கள் தினமும் பார்க்கும் மேம்பாலம் அந்தச் சுவர்தான். அது அழகாக இருக்க வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் ஆகாது.

சாலைப் பணியாளர்கள் இதை 'ஆர்.இ. வால்' என்பார்கள், வலுவூட்டிய மண்சுவர். பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி விடால் 1963-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கடற்கரை மணலில் பைன் மரத்து ஊசியிலைகளைக் கலந்து குவித்தபோது மணல் சரியாமல் நின்றதாம். அதில் பிறந்தது இந்த யோசனை என்பார்கள். 1965-இல் பிரனீஸ் மலைப்பகுதியில் முதல் சுவர் எழுந்தது.

மண்ணை ஏறத்தாழ 20 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, ரோலரால் இறுக்குவார்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் ஜியோகிரிட் வலையையோ இரும்புப் பட்டையையோ படுக்கவைப்பார்கள். அதன் நீளம் பொதுவாகச் சுவர் உயரத்தில் 70 சதவீதமாவது இருக்க வேண்டும். 10 மீட்டர் சுவர் என்றால் உள்ளே 7 மீட்டர். மண்ணும் வலையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. முகப்பில் சிமென்ட் கலவையே இல்லாமல் அடுக்கிய கான்கிரீட் கட்டிகளுக்கு, ஓரத்து மண் கொட்டாமல் காப்பதுதான் முதல் வேலை.

பெரும்பாரம் முகப்பின் மேல் விழாததால் கலைக்கு அங்கே நிறைய இடம் உண்டு. இரண்டு கட்டிகளை ஒன்றாக வார்த்து, நடுவில் பிளந்தால் கருங்கல் உடைத்தாற்போன்ற சொரசொரப்பு கிடைக்கும். நிறத்தைக் கலவையிலேயே சேர்க்கலாம். சிறு கட்டிகள் என்பதால் வளைவுகளிலும் சுவர் இயல்பாகத் திரும்பும். பெரிய பலகைகளாக வார்த்தால் சித்திரமே பதிக்கலாம். அமெரிக்காவில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில், பிமா நெடுஞ்சாலைச் சுவர்களில் பாலைவனத்துப் பல்லிகளும் கள்ளிகளும் கான்கிரீட்டிலேயே புடைத்து நிற்கின்றன. நம் பனையோலைப் பின்னலும் புள்ளிக் கோலமும் வார்ப்பச்சுக்கு எவ்வளவு பொருத்தமானவை!

நாமோ பெரும்பாலும் சுவரை எழுப்பி முடித்த பிறகு பெயின்ட் டப்பாவைத் தேடுகிறோம். நாலு மழைக்காலத்தில் அது உரிந்துவிடும். அதைவிட ஆபத்தானது, படம் வரையச் சமதளம் வேண்டுமென்று இணைப்புகளைப் பூசி அடைப்பது. முகப்புக்குப் பின்னால் சுமார் 60 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி நிரப்புவதே தண்ணீர் வடிந்து வெளியேறத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிய வழியில்லாத நீர், மண்ணின் பிடியைத் தளர்த்திச் சுவரை வெளியே தள்ளும்.

இன்னொரு தவறு கட்டும்போதே நடக்கிறது. முகப்பிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் கனரக ரோலர் வரக்கூடாது. கையால் நகர்த்தும் சிறு இயந்திரத்தால்தான் அங்கே இறுக்க வேண்டும். அவசரத்தில் ரோலரை ஓரம்வரை ஓட்டினால் சுவர் வயிறு தள்ளிவிடும். எந்தச் சித்திரமும் அதை மறைக்காது.

ஆகவே வடிவம், நிறம், வடிகால் மூன்றையும் ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே வரைபடத்தில் சேர்த்து எழுத வேண்டும். திறப்பு விழாவோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒரு பொறியாளர் அந்தச் சுவரோரம் நடந்து, வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா, இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்க்கவும் அதே ஒப்பந்தத்தில் பணம் ஒதுக்க வேண்டும்.