வகுப்பறையில் குறிப்பெடுத்தல்: சொல்லும் பொருளும்

விரிவுரையின்போது மாணவர் விரைந்து எழுதுவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயினும், தேர்வுத்தாளில் நம் தொடர்களே மாற்றமின்றித் திரும்பி வரும்போது, அவர்கள் கேட்டது பாடத்தையா, சொற்களை மட்டுமா என்னும் ஐயம் எழுகிறது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்கோர் அளவு கூறுகிறது. ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோரால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. தம் சொல்லில் குறிப்பெடுத்தல், மாணவர் பாடத்தைத் தமக்கே எடுத்துரைக்கும் முதற்படி என்பது நம் கருத்து.

சான்றாக, 'காலங்காட்டும் இடைநிலையும் பெயரெச்ச விகுதியும் மறைந்து வருவது வினைத்தொகை' என ஆசிரியர் விளக்குவதாகக் கொள்வோம். அதனை அப்படியே படியெடுப்பவர் அடுத்த தொடரைத் தவறவிடக்கூடும். 'வினைத்தொகை: ஊறுகாய் – ஊறிய, ஊறுகின்ற, ஊறும், காலம் மறைவு' என எழுதுபவரோ விதியைச் சோதித்தும் பார்த்துவிடுகிறார். கலைச்சொல்லை மட்டும் மாற்றலாகாது. மாற்றினால் பொருள் பிறழும்.

இத்திறன் தானே அமைவதன்று. ஒரு கருத்து முடிந்ததும் நாம் இரண்டு நிமிடம் பேச்சை நிறுத்தி, கேட்டதை ஒரே தொடரில் எழுதச் செய்யலாம். அதனை அருகிலிருப்பவர் எழுதியதோடு ஒப்பிடச் செய்தால், நன்னூல் கூறும் உடன்பயிலலும் அவ்வகுப்பிலேயே நிகழும்.